கறுப்பர் நகரத்தில் குற்றவாளி யார்?

(பாகாலாவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடத்தப்பட்ட வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

துப்பறியும் கதைகளைப் பற்றிப் பேச ஒரு கட்சிக் கூட்டம் எதற்கு என்ற கேள்வி உங்களில் சிலருக்கு எழுந்திருக்கும். நிலப் பிரச்சினை இருக்கிறது, மாங்காய்க்கு விலை இல்லை, வேலை தேடி இளைஞர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வண்டி ஏறுகிறார்கள். இவற்றுக்கு நடுவே கொலைக்கதையும் கொள்ளைக்கதையும் நமக்கு என்ன பயன் தரும்?

நம் மக்களில் பெரும்பகுதியினர் மூலதனத்தையோ அரசியல் பொருளாதாரத்தையோ படிப்பதில்லை. ஆனால் ‘குற்றவாளி யார்?’ என்ற கேள்வியை அன்றாடம் ஏதோ ஒரு வடிவில் எதிர்கொள்கிறார்கள். நாளிதழின் மூன்றாம் பக்கத்திலும், தொலைக்காட்சியின் இரவுச் செய்தியிலும், திரைப்படத்திலும், ரயில் நிலையக் கடையில் தொங்கிய மாத நாவலிலும் அந்தக் கேள்விக்கு ஒரு விடை ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, எந்த நிறத்திலிருந்து குற்றவாளி வருவான் என்று மக்கள் மனத்தில் ஒரு வரைபடம் தீட்டப்படுகிறது. அதைத் தீட்டுகிறவர்கள் யார், திருத்தி எழுத முயன்றவர்கள் யார் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

ஒழுங்கைக் காக்கும் கதை

துப்பறியும் கதை என்னும் இலக்கிய வகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலாளித்துவ நகரங்களோடு சேர்ந்து வளர்ந்தது. ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் அதன் புகழ்பெற்ற நாயகன். அந்தக் கதைகளின் பொதுவான அமைப்பை நினைத்துப் பாருங்கள். உலகம் ஒழுங்காக இயங்கிக் கொண்டிருக்கிறது. வீடும் நகையும் உயிலும் உரியவரிடம் இருக்கின்றன. திடீரென ஒரு குற்றம் அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அறிவாளியான ஒருவர் வருகிறார், தடயங்களைச் சேர்க்கிறார், குற்றவாளியைச் சுட்டிக்காட்டுகிறார். ஒழுங்கு மீண்டும் நிலைபெறுகிறது. அந்த ஒழுங்கே ஒரு குற்றமாக இருக்கக்கூடுமா என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை.

இந்த அமைப்பு நம் மொழிக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் துப்பறியும் நாவல்களை ஆயிரக்கணக்கான வாசகரிடம் கொண்டு சென்றனர். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் நாவல்கள் என்று அந்த மரபு தொடர்ந்தது. தெலுங்கில் கொம்மூரி சாம்பசிவ ராவின் துப்பறிவாளர் யுகந்தரை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் இப்பகுதியில் இரண்டு மரபுகளையும் படித்தவர்கள் இருப்பார்கள். பல குடும்பங்களை வாசிப்புக்குப் பழக்கியவை இந்த நாவல்களே. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் பங்களாக்களுக்குள் மர்மம் நிகழும். சேரியும் குப்பமும் சந்தேகத்துக்குரியவன் ஓடி ஒளியும் இடமாக மட்டும் வரும். அங்கே வாழ்கிறவர்கள் கதையின் மனிதர்களாக வருவது அரிது.

குற்றமும் முதலாளித்துவமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை மார்க்ஸ் ‘உபரி மதிப்புக் கோட்பாடுகள்’ நூலுக்கான கையெழுத்துப் படிகளில் எள்ளலோடு விளக்கினார். குற்றவாளி குற்றத்தை மட்டும் உற்பத்தி செய்வதில்லை; குற்றவியல் சட்டத்தையும், அதைக் கற்பிக்கும் பேராசிரியரையும், காவல்துறையையும், நீதிபதியையும், தூக்கிலிடுபவரையும், கலையையும் நாவலையும்கூட உற்பத்தி செய்கிறான் என்பது அந்தப் பகுதியின் சாரம். நாம் இன்று பேசும் இலக்கிய வகையின் பிறப்புச் சான்றிதழ் அந்தக் கேலியிலேயே இருக்கிறது.

ஹார்லெம் திருப்பிக் கேட்ட கேள்வி

இந்த வகையை உள்ளிருந்தே புரட்டிப் போட்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள். தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்தும் சாதிக்கு நிகரான நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் தப்பி, இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களின் ஆலைகளுக்கு வந்தனர். நியூயார்க்கின் ஹார்லெமும், சிகாகோவின் தெற்குப் பகுதியும், லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸும் அவர்கள் அடைக்கப்பட்ட இடங்கள். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த நகர வரைபடங்களில் இப்பகுதிகள் சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டன. சிவப்பு வண்ணம் பெற்ற தெருவில் வசிப்பவருக்குக் கடன் கிடைக்காது. வேறிடத்தில் வீடு வாங்கவும் அவர் அனுமதிக்கப்படமாட்டார். பாழடைந்த அறைக்கு அதிக வாடகை செலுத்திக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும்.

ஹார்லெமின் மருத்துவரான ருடால்ஃப் ஃபிஷர் 1932-இல் கறுப்பின மாந்தர்களை மட்டுமே கொண்ட துப்பறியும் நாவல் ஒன்றை வெளியிட்டார். கொலையுண்டவரும் சந்தேகத்துக்குரியவர்களும் மட்டுமல்ல, துப்பறிகிறவரும் கறுப்பினத்தவரே. ஒடுக்கப்பட்டவனுக்கும் பகுத்தறியும் மூளை உண்டு என்று கதையின் அமைப்பே அறிவித்தது.

1940-இல் ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ வந்தது. மண்ணின் மைந்தன் என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். ரைட் அப்போது அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். சிகாகோவின் எலிகள் திரியும் ஒற்றை அறையில் தாயோடும் உடன்பிறந்தோரோடும் வாழும் பிக்கர் தாமஸ் என்ற இளைஞன் ஒரு செல்வந்தர் வீட்டில் கார் ஓட்டுநராகச் சேர்கிறான். அச்சத்தின் உச்சத்தில் அந்த வீட்டுப் பெண்ணைத் தன்னையறியாமல் கொன்றுவிடுகிறான். அந்தச் செல்வந்தர் கறுப்பின மக்களின் நலனுக்கு நன்கொடை அளிப்பவர். பிக்கரின் குடும்பம் வாடகை செலுத்தும் அந்த எலி அறையின் உரிமையாளரும், நிறுவனத்துக்குள் நிறுவனமாக, அவரே. ஒரு கையால் அதிக வாடகை வாங்கி, மறு கையால் தர்மம் செய்கிறார். கொலைக்கு முன்பே நடந்துகொண்டிருந்த குற்றம் அது. அதற்கு முதல் தகவல் அறிக்கை எவரும் எழுதவில்லை.

நாவலில் பழியைத் திருப்பிவிட முதலில் கிடைக்கும் ஆள் ஒரு கம்யூனிஸ்ட் இளைஞன் என்பதையும் கவனியுங்கள். பிக்கரே அந்தப் பழியைப் போடுகிறான். அதிகாரிகள் ஆவலோடு நம்புகிறார்கள். பின்பு பிக்கருக்காக வாதாட முன்வருகிறவரும் கட்சியோடு தொடர்புடைய ஒரு வழக்கறிஞரே. இந்த நாவல் கட்சிக்குள்ளேயே விவாதத்தைக் கிளப்பியது. கொலைகாரன் ஒருவனைக் கறுப்பின மக்களின் பிரதிநிதியாக நிறுத்துவது சரியா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ரைட்டின் எழுத்தோ வேறொரு திசையைச் சுட்டியது. பிக்கரை எடுத்துக்காட்டான வீரனாக அவர் காட்டவில்லை. ஒரு சமூகம் தன் கையால் வார்த்தெடுத்த மனிதனாகக் காட்டினார்.

அடுத்தவர் செஸ்டர் ஹைம்ஸ். இவர் சிறையிலிருந்து இலக்கியத்துக்கு வந்தவர். 1928-இல், பத்தொன்பது வயதில், ஆயுதமேந்திய கொள்ளைக்காக 20 முதல் 25 ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1930-இல் ஓஹாயோ சிறையில் மூண்ட தீயில் 300-க்கும் மேற்பட்ட கைதிகள் மடிந்தனர். அதைக் கண்ணால் கண்ட ஹைம்ஸ் சிறைக்குள்ளிருந்தே எழுதத் தொடங்கினார். 1936-இல் விடுதலையாகி, போர்க்காலக் கப்பல் கட்டும் தளத்தின் நிறவெறியைப் பற்றி 1945-இல் ஒரு நாவல் வெளியிட்டார். சொந்த நாடு அவரை மதிக்கவில்லை. 1953-இல் பிரான்சுக்குப் போனார். அங்கே ஒரு பதிப்பாசிரியர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத் தேவைக்காகவே ஹார்லெம் துப்பறியும் நாவல்களை எழுதத் தொடங்கினார். முதல் நாவலுக்கே 1958-இல் பிரான்சின் உயரிய துப்பறியும் இலக்கிய விருது கிடைத்தது.

அவருடைய ‘காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்’ 1965-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி அழைத்துப் போவதாக ஆசை காட்டி, ஒரு போலிப் போதகர் 87 குடும்பங்களிடம் தலா ஆயிரம் டாலர் வீதம் 87,000 டாலர் வசூலிக்கிறார். அந்தப் பணம் கொள்ளை போகிறது. ஒரு பருத்திப் பொதிக்குள் மறைந்து கிடக்கிறது. எந்தப் பருத்தி வயலிலிருந்து அம்மக்கள் தப்பி வந்தார்களோ, அதே பருத்தி ஹார்லெமின் தெருவுக்கு வந்து அவர்களுடைய சேமிப்பை விழுங்குகிறது. வறியவனுடைய கனவுதான் மோசடிக்காரனின் மூலதனம். சீட்டு நிறுவனங்களிடமும் நிலமனை நிறுவனங்களிடமும் தலைமுறைச் சேமிப்பை இழந்த குடும்பங்களைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹைம்ஸின் துப்பறிவாளர்கள் இருவரும் கறுப்பினக் காவலர்கள். வெள்ளையர் இயற்றிய சட்டத்தைத் தம் சொந்த மக்கள்மேல் தடியும் துப்பாக்கியும் கொண்டு செலுத்த வேண்டியவர்கள். இந்த முரண்பாட்டை ஹைம்ஸ் இறுதிவரை தீர்த்து வைக்கவில்லை. 1969-இல் வந்த அவ்வரிசையின் கடைசி நாவலில் வழக்கே தீர்வதில்லை. கலவரத்தைத் தூண்டியது யார் என்று கண்டுபிடிக்கும்படி அந்த இருவருக்கும் உத்தரவு வருகிறது. ஒரு தனி மனிதனின் பெயரை அவர்களால் சொல்ல முடியவில்லை. முடிவில் இடிக்கப்படும் குடியிருப்புகளிலிருந்து வெளியேறும் எலிகளைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார்கள். குற்றம் ஒரு மனிதனிடம் அன்றி ஒரு அமைப்பிடம் இருக்கும்போது, துப்பறியும் கதையின் பழைய இலக்கணம் உடைந்து போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வால்டர் மோஸ்லி 1990-இல் படைத்த ஈஸி ராலின்ஸ் போரிலிருந்து திரும்பிய படைவீரன். விமானத் தொழிற்சாலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி. 1948-இன் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் சிறு வீட்டின் கடன் தவணையைக் கட்ட வழியில்லாமல்தான் ஒரு வெள்ளையன் கொடுக்கும் மர்மமான வேலையை ஏற்கிறான். ஷெர்லாக் ஹோம்ஸ் அறிவுக்கு விருந்தாக வழக்குகளை எடுத்தார். ஈஸி ராலின்ஸை வழக்குக்குள் தள்ளியது வேலையின்மை.

நம்முடைய கறுப்பர் நகரம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். கறுப்பர் நகரம் என்பது அமெரிக்காவில் மட்டும் இருந்ததல்ல. சென்னையில் அப்பெயரிலேயே ஒரு நகரம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதியை வெள்ளையர் நகரம் என்றும், கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் சாயக்காரரும் வணிகரும் கூலிகளும் வாழ்ந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றும் அழைத்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றி, 1749-இல் ஆங்கிலேயர் மீண்டும் பெற்ற காலத்தில், கோட்டைக்குப் பீரங்கி சுடத் திறந்தவெளி வேண்டும் என்பதற்காகப் பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டனர். பாதுகாப்பின் பெயரால் நடந்த குடியிருப்பு அகற்றலுக்கு நம் மண்ணில் இவ்வளவு பழைய வரலாறு உண்டு.

1911-இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை ஒட்டி, கறுப்பர் நகரத்தின் பெயர் ஜார்ஜ் டவுன் என மாற்றப்பட்டது. அதே 1911-இல்தான் வட ஆற்காட்டின் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. அதே 1911-இல்தான் வட இந்தியாவில் 1871 முதல் நடைமுறையிலிருந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. நிறத்தின் பெயர் வரைபடத்திலிருந்து நீங்கிய ஆண்டிலேயே, பிறப்பினால் குற்றவாளி என்ற முத்திரை சட்டப் புத்தகத்தில் ஏறியது.

கறுப்பர் நகரத்துக்கு வடக்கே துறைமுகமும் ரயில்வே பணிமனைகளும் ஆலைகளும் எழுந்தன. பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் போராட்டத்திலிருந்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921-இல் அதே ஆலைகளின் வேலைநிறுத்தத்தைக் குலைக்கச் சாதிப் பிளவு பயன்பட்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, காவல்துறை சுட்டது. 1923-இல் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடியது இந்நகரத்தில்தான். இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொட்டில்களில் ஒன்று வடசென்னை என்பது வரலாறு.

ஆனால் வடசென்னை என்றவுடன் திரைப்படம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நினைவு வருவது என்ன? கத்தி, கஞ்சா, ரவுடி. ஆலை மூடப்பட்டது, துறைமுகத்தில் இயந்திரம் வந்து கூலியாள் வெளியேற்றப்பட்டார், அவருடைய மகன் வேலையின்றித் தெருவில் நின்றான் என்ற முன்கதை வெட்டப்பட்டு, மகன் கத்தியோடு நிற்கும் காட்சி மட்டும் எஞ்சுகிறது. இதை மாற்ற முயன்ற படைப்புகளும் உண்டு. கரன் கார்க்கி தம் நாவலுக்குக் ‘கறுப்பர் நகரம்’ என்றே பெயரிட்டார். தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ நாவல் சிந்தாதிரிப்பேட்டையின் மனிதர்களை அவர்களுடைய மொழியிலேயே பேச வைத்தது. 2014-இல் வெளிவந்த ‘மெட்ராஸ்’ திரைப்படத்தில் வியாசர்பாடியின் ஒரு சுவருக்காக உயிர்கள் போகின்றன. தனிப்பட்ட பகையாகத் தோன்றும் கொலைகளுக்குப் பின்னே அந்தச் சுவரை வைத்து நடக்கும் அரசியல் வணிகம் இருக்கிறது.

நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட மக்களின் பிள்ளைகள் வேலைக்கான விண்ணப்பத்தில் தம் முகவரியை எழுதத் தயங்குகிறார்கள். ஹார்லெமின் சிவப்பு வரைபடம் இங்கே வரையப்படாமலே நடைமுறையில் இருக்கிறது.

ஆந்திர மண்ணில் ஒரு பெயர்ப்பலகை

ஆந்திரத்தில் இத்தகைய முத்திரைக்கு ஸ்டுவர்ட்புரம் என்று பெயர். குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ் எருகலர் சமூகத்தை அடைத்து வைக்க, அன்றைய குண்டூர் மாவட்டத்தில் அமைக்கப்பட்ட குடியேற்றம் அது. தமிழகத்தில் நாம் குறவர் என்று அறியும் மக்களின் உறவினர்களே எருகலர். உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராக வணிகம் செய்தவர்கள். ரயில் வந்து அந்த வணிகத்தை அழித்தது. உப்பின்மீது அரசின் பிடி இறுகியது. காட்டுச் சட்டங்கள் மூங்கிலையும் மேய்ச்சலையும் பறித்தன. தொழிலை இழந்த மக்கள் ‘திருட்டுப் பரம்பரை’ எனப் பட்டியலிடப்பட்டனர். கைரேகை வைக்க வேண்டும். காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊரைவிட்டு நகரக் கூடாது. தமிழ்ப் பகுதியில் இதே சட்டத்தை எதிர்த்த பிறமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது.

சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று; கதை போகவில்லை. ஸ்டுவர்ட்புரம் என்ற ஊர்ப்பெயர் தெலுங்கு நாவலுக்கும் சினிமாவுக்கும் திருடனின் மறுபெயராக இன்றும் பயன்பட்டு வருகிறது.

குண்டூரின் லாக்கப்

தமிழில் குற்றக் கதையின் இலக்கணத்தைத் தலைகீழாக்கிய ஒரு நூல் இந்த ஆந்திர மண்ணில் நடந்ததைச் சொல்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’. 1983-இல் குண்டூரில் பிழைப்புக்கு வந்த தமிழ் இளைஞர்களைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போகிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி நாள்தோறும் அடிக்கிறது. அந்த இளைஞர்களில் ஒருவராக இருந்து தாம் அனுபவித்ததையே அவர் நூலாக்கினார். அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

மரபான துப்பறியும் கதையில் குற்றம் முதலில் நிகழும். குற்றவாளி பின்பு கண்டுபிடிக்கப்படுவான். ‘லாக்கப்’பில் குற்றவாளிகள் முதலில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், அவர்களுக்குப் பொருத்தமான குற்றம் பின்பு சுமத்தப்படுகிறது. தேர்வுக்குத் தகுதி என்ன? வேற்று மொழி, நிலையான முகவரி இல்லாமை, கேட்பதற்கு ஆளில்லாமை. நூலைப் படிக்கிறவருக்கு மர்மம் எதுவுமில்லை. ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்ட அச்சமாக இருக்கிறது. எந்த மர்ம நாவலும் தர இயலாத அச்சம் அது. ஏனென்றால் இங்கே துப்பறிகிறவனிடமிருந்துதான் தப்ப வேண்டியிருக்கிறது.

சேஷாசலத்தின் வழக்கு

தோழர்களே, இந்தக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள். அவர்களில் பழங்குடியினரும் இருந்தனர். தொழிலாளர்கள் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்தில் வந்துகொண்டிருந்தவர்கள் வழியிலேயே இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டனர் என்று உயிர்தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். மத்தியப் புலனாய்வு விசாரணை தேவை என்று ஆணையம் பரிந்துரைத்தது.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், இந்தச் சித்தூர், திருப்பதி, கடப்பை வட்டாரத்தில் இயற்கையாக வளர்வது. அதன் சந்தை சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. ஆடம்பர அறைகலன்களாகவும் இசைக்கருவிகளாகவும் மாறுகிறது. காட்டிலிருந்து துறைமுகம் வரை முகவர், லாரி உரிமையாளர், கிடங்குக்காரர், ஏற்றுமதியாளர், கண்டும் காணாத அதிகாரி என ஒரு சங்கிலி உண்டு. மலைக் கிராமத்தின் மேஸ்திரி முன்பணம் கொடுத்து அனுப்பும் வெட்டுக்கூலி அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. குண்டு பாய்ந்தது கடைசிக் கண்ணியின்மீது மட்டும்.

இந்தக் காட்டைப் பற்றிய புகழ்பெற்ற கதையும் ஒன்று உண்டு. 2021-இல் வெளியான ‘புஷ்பா’ திரைப்படத்தில் ஒரு செம்மரக் கூலி தன் துணிச்சலால் கடத்தல் கும்பலின் தலைவனாகிறான். நாடே கைதட்டியது. கூலி முதலாளியாக உயர்வது திரையில் நடக்கும். காட்டில் அவன் பிணமாக இறங்கி வருகிறான். கடத்தலைக் கொண்டாடும் கதையும், கூலியைச் சுட்டுவிட்டு வழக்கை முடிக்கும் கதையும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டிலும் அந்தச் சங்கிலி கேள்விக்குள்ளாவதில்லை என்பதுதான் அவற்றின் ஒற்றுமை.

1842-இல் இளம் மார்க்ஸ் ‘ரைனிஷ் சைத்துங்’ இதழில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கும் ஏழைகளின் வழக்காறு, காட்டுடைமையாளரின் நலனுக்காகத் திருட்டு என அறிவிக்கப்பட்டதை அவர் ஆராய்ந்தார். பொருளாதாரக் கேள்விகளை நோக்கித் தம்மைத் திருப்பிய தொடக்கங்களில் அந்த விவாதமும் ஒன்று என்று 1859-இல் அவரே குறிப்பிட்டார். குற்றம் என்பது இயற்கையில் கிடைக்கும் பொருள் அல்ல. உடைமை உறவுகள் அதை வரையறுக்கின்றன என்ற பாடம் ஒரு சுள்ளிக் கட்டிலிருந்து தொடங்கியது.

இரண்டு எச்சரிக்கைகள்

இங்கே இரண்டு தவறான முடிவுகளுக்குப் போய்விடக் கூடாது. சுள்ளி பொறுக்குவதும் செம்மரம் வெட்டுவதும் ஒன்றல்ல. அழியும் நிலையிலுள்ள ஒரு மரத்தை ஏற்றுமதிக் கும்பலுக்காக வெட்டுவது மக்களின் காட்டுரிமை ஆகாது. 2013 டிசம்பரில் இதே காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்டனர். அவர்களும் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. அவர்களுடைய குடும்பத்தின் துயரத்தை மறந்துவிட்டு நாம் பேசினால் மக்கள் நம்மை நம்பமாட்டார்கள். அந்தக் கொலைகளுக்குப் பின் நூற்றுக்கணக்கான தமிழகக் கூலிகள் சிறையில் அடைக்கப்பட்டனர் என்பதும், அந்தக் கும்பலை இயக்கியவர்களுக்கும் கூலிகளுக்கும் இடையிலிருந்த தூரம் விசாரணையில் பொருட்படுத்தப்படவில்லை என்பதும் அதோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

இரண்டாவது, குற்றவாளியை வீரனாக்குவது. வேலையிலிருந்தும் அமைப்பிலிருந்தும் பிய்த்தெறியப்பட்ட உதிரிகளை ஆளும் வர்க்கம் விலைக்கு வாங்கிவிடும் என்று கம்யூனிஸ்ட் அறிக்கை எச்சரித்தது. வேலைநிறுத்தத்தை உடைக்கவும், சாதிக் கலவரத்தை மூட்டவும், வாக்குச்சாவடியைக் கைப்பற்றவும் அதே இளைஞனின் கையில்தான் கத்தி கொடுக்கப்படுகிறது. ஹைம்ஸ் இதை நன்கு அறிந்தவர். ஹார்லெமின் ஏழைகளை ஏய்த்துப் பிழைக்கும் ஹார்லெம்காரர்களை அவர் சிறிதும் விட்டுவைக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று காட்டும் கதை, அவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று காட்டும் கதையைப் போலவே பொய்யானது.

கூட்டாகத் துப்பறிவது

அப்படியானால் மக்கள் சார்பான குற்றக் கதையின் நாயகன் யார்? இந்த நாட்டின் அண்மை வரலாறு ஒரு விடை தருகிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி கிராமத்தில், சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். அங்கே எந்த ஷெர்லாக் ஹோம்ஸும் வரவில்லை. பழங்குடி மக்களின் சங்கமும் இடதுசாரி இயக்கமும் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கின. தாக்கப்பட்ட பெண்களே சாட்சிகளாக நின்று அடையாளம் காட்டினர். 2011-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 அலுவலர்களும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள் நடந்த துப்பறிதல் அது. 1993-இல் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கும் இவ்வாறே அமைப்பாகத் திரண்டவர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. ‘ஜெய் பீம்’ திரைப்படம் அதை வழக்கறிஞர் ஒருவரின் கதையாகவே பெரும்பாலும் சொன்னது. அவருடைய உழைப்பு மறுக்க முடியாதது. ஆனால் வாசலிலேயே துரத்தப்பட்ட ஒரு பெண் அந்த வழக்கறிஞரிடம் போய்ச் சேர, ஊரில் ஒரு கட்சிக் கிளையும் உடன் நடந்த தோழர்களும் தேவைப்பட்டனர்.

பாகாலா ஒரு ரயில் சந்திப்பு. காட்பாடியிலிருந்து வரும் வழியும், திருப்பதிக்குப் போகும் வழியும், தர்மவரம் செல்லும் வழியும் இங்கே கூடுகின்றன. ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வேலை தேடி வருகிறவன் இந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் போகிறான். பிடிபட்டால் அவனை விசாரிப்பது தெலுங்கில்; அவன் கையொப்பமிடும் வாக்குமூலம் தெலுங்கில்; அவன் அறிந்ததோ தமிழ் மட்டும். சந்திரகுமாரின் நூல் காட்டும் நிலைமை 1983-ஓடு முடிந்துவிட்ட ஒன்று அல்ல. இரு மொழியும் அறிந்த தோழர்கள் இந்த அறையில் அமர்ந்திருக்கிறீர்கள். பிடிபட்டவனின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்வது, அவன் வீட்டுக்குச் செய்தி சொல்வது, சட்ட உதவி மையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் செல்வது, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டுவது ஆகியவை நம்மால் இயலும் பணிகள். மேஸ்திரியின் முன்பணம் எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வியும் அந்தப் பேச்சிலிருந்துதான் கிளம்பும்.

ஆகவே இந்த வாசிப்பு வட்டத்துக்கு என் முன்மொழிவு இரண்டு. அடுத்த கூட்டத்தில் ‘லாக்கப்’ நூலை எடுத்துக்கொண்டு, தெலுங்கு அறிந்த இளைஞர்களையும் அழைத்து, இரு மொழியிலும் விவாதியுங்கள். இப்பகுதிக் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் வழக்கில் சிக்கும் புலம்பெயர் கூலிகளின் விவரங்களைத் தொகுக்க மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை இன்றே தேர்ந்தெடுங்கள்.

‘யார் செய்தது?’ என்று கேட்பது துப்பறியும் கதை. ‘யாருக்கு லாபம்?’ என்று தொடர்ந்து கேட்பது நம் வேலை. முதல் கேள்விக்கு விடை ஒரு மனிதனோடு முடிந்துவிடலாம். இரண்டாவது கேள்வியை நேர்மையோடு பின்தொடர்ந்தால் அது காட்டைக் கடந்து, கிடங்கைக் கடந்து, துறைமுகம் வரை நம்மை இட்டுச் செல்லும். அதுவரை போக அமைப்பாக நிற்பவர்களால்தான் முடியும்.